கோடு போட்ட இடம்

என்னுடைய குரல் இப்போது கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் கிடக்கிறது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. கைக்கு அடக்கமான ஒரு டோர்ச் லைட் அளவு சாமான். கழுத்தில் வைத்து, பொத்தானை அமுக்கி, வாயை அசைத்தால் பேச்சு வரும். பேச்சு என்று சொல்வது கொஞ்சம் அதிகம். தகர டின்னுக்குள் வண்டை அடைத்த மாதிரி ஓர் இரைச்சல் வரும். காது கொடுத்துக் கேட்டால் அதற்குள் பேச்சைப் பிடிக்கலாம். முதல் நாள் வீட்டில் நான் இதை வைத்து "பிஸ்மில்லாஹ்" சொன்னதும் எங்கள் பூனை அலுமாரிக்கு அடியில் ஓடிப் போனது, அஸர் தொழுகை நேரம் வரைக்கும் வெளியே வரவில்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய் இருக்கிறது, அதற்குப் பின்னால் இருக்க வேண்டியதுதான் இல்லை. அதனால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி எப்படி இருந்தது என்று கேட்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். ஆனால் முக்கியமாக இது என்னைப் போல யுத்தத்தில் இருந்துவிட்டு வந்து, கடையும் வீடும் பள்ளிவாசலுமாக, வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆட்களுக்கு. எந்தப் பக்கத்தில் இருந்தவர்களானாலும் சரி. கேட்க ஒருவர் வந்தால் சொல்லிவிடுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். நான் வைத்தேன்.

தொண்டை கட்டியது போன நோன்புக்குக் கொஞ்சம் முந்தி. பிலிமத்தலாவை டவுனில் எனக்கு ஒரு போட்டோக் கொப்பிக் கடை. நாள் முழுக்க வாகனப் புகை. அதுதான் என்று நினைத்தேன். என் மனைவி ஸித்தி கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துத் தந்தாள். பிறகு வெனிவேல் கொடியை அவித்துத் தந்தாள், அந்தக் கசப்பில் வந்த வருத்தமும் ஓடிவிடும், ஓடவில்லை. பார்மசிக்காரன் ஒரு மாத்திரை, பிரைவேட் டொக்டர் இன்னொரு மாத்திரை. பெருநாள் தொழுகைக்குப் போய் "ஆமீன்" சொன்னபோது எனக்கே என் சத்தம் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் மகள் ரிஸ்னா சண்டை பிடித்தாள்.

"வாப்பா, நாளக்கி கிளினிக் போகல்லாட்டி நான் இந்த வீட்டுல சாப்பிட மாட்டன்."

காலை ஐந்தரைக்கு பஸ் ஏறி பேராதனைப் பக்கம் போனோம். நம்பர் எடுத்து, வாங்கில் உட்கார்ந்து, பக்கத்து ஆள் எழும்பினால் ஒரு சூத்து அகலம் நகர்ந்து, மறுபடி நகர்ந்து, பதினொரு மணிக்கு உள்ளே போனோம். டொக்டர் சின்ன வயதுப் பெண். மூக்கு வழியாக மெல்லிய ஒரு வயரை விட்டார். அதன் நுனியில் கெமரா. திரையில் என் தொண்டையின் உள்பக்கம் தெரிந்தது. இரண்டு வெள்ளை நாடா, அவைதான் சத்தம் போடுகிறவையாம். ஒரு நாடாவின் மேல் காலிஃபிளவர் மாதிரி ஏதோ முளைத்திருந்தது. டொக்டர் அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்கள் பேசாமல் இருப்பதை வைத்தே விஷயத்தை அறிகிற வேலை பார்த்தவன் நான். அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

பிறகு மயக்கம் கொடுத்து அதில் ஒரு துணுக்கு வெட்டி எடுத்தார்கள். அதற்கு பயொப்ஸி என்று பெயர். கழுத்தைச் சுற்றி ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு கிழமை கழித்து ரிப்போர்ட். டொக்டர் ஒரு தாளில் படம் கீறி சிங்களத்தில் விளக்கினார். புற்று, குரல் பெட்டிக்குள். பெட்டியை முழுசாக எடுக்க வேண்டும். கழுத்தில் ஒரு துளை போடுவார்கள், இனி மூச்சு அதன் வழியாக. மூக்குக்கு வேலை இல்லை, வாய் சோற்றுக்கு மட்டும்.

"பேச்சு?" என்று கேட்டேன்.

"அதுக்கு வேற வழி இருக்கு, பிறகு பாப்போம்," என்றார்.

வெளியே வந்து ஸித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "குரல்தானே போகுது, ஹயாத்து ஈக்கித்தானே," என்றாள், உயிர் இருக்கிறதே என்று. நான் தலையாட்டினேன். பயமா என்றால் பயம்தான். ஆனால் சாவதற்கான பயம் இல்லை. எனக்குள் ஒருவருடைய சாமான் இருந்தது. கொடுக்க வேண்டியது. அதைக் கொடுக்காமல் பெட்டியோடு வெட்டி எறிந்துவிடுவார்களே என்ற பயம்.

அது என்ன என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். இனியும் சுற்றி வளைக்க எனக்கு மூச்சில்லை.

நான் ஆமியில், அரசாங்கப் பட்டாளத்தில், இருந்தேன். ஊரில் எல்லோருக்கும் தெரியும், கிளார்க் வேலை என்று தெரியும். ஸித்திக்கும் அவ்வளவுதான் தெரியும். உண்மையான வேலை, கேட்பது. வடக்கில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, இயக்கத்துப் பிள்ளைகள் வயர்லெஸ்ஸில் பேசுவதைக் கேட்டு சிங்களத்தில் எழுதிக் கொடுப்பது. தாளில் இரண்டு பத்தி. இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் விஷயம். ஆட்கணக்கு, இடம், ஆயுதம், காயம் என்றால் எழுத வேண்டும். சும்மா பேச்சு என்றால், பகிடி, பாட்டு, வீட்டுக்கதை என்றால், ஒரு சிறு கோடு. அதுதான் சட்டம். ஒரு நாளைக்கு எத்தனையோ கோடு போட்டிருக்கிறேன்.

முகம் தெரியாது, பெயர் தெரியாது, ஆனால் குரல்களை எனக்குத் தெரியும். நானே பட்டப்பெயர் வைத்திருந்தேன். ஒருவன் சளிக்காரன். எப்போதும் மூக்கை உறிஞ்சுவான். நாலு மாதம் அவனைக் கேட்டேன். ஆள் நல்ல பகிடிக்காரன், வேடிக்கையாகப் பேசுவான். தனியாக அந்தக் கொட்டிலுக்குள் உட்கார்ந்து அவன் பகிடிக்குச் சிரித்திருக்கிறேன், பிறகு கோடு போட்டிருக்கிறேன்.

ஒரு நாள் முற்பகல், சளிக்காரன் தன் ஆட்களிடம் சொன்னான், "மதகடியில நிக்கிறம், பசி உயிர் போகுது, சோத்தை அங்க அனுப்புங்கோ." இடம் சொல்லிவிட்டான். சோற்றுப் பசியில் சொல்லிவிட்டான். எழுத வேண்டியது என் வேலை. எழுதினேன். எங்கள் பெரியவர், அந்தக் கொட்டிலுக்குப் பொறுப்பான அதிகாரி, தாளைக் கிழித்துக்கொண்டு போனார். அரைமணியில் எங்கள் பக்கத்திலிருந்து ஷெல் போனது. கொட்டிலின் தகரம் அதிர்ந்தது.

ஒன்று நாற்பதுக்கு அவன் மறுபடி வந்தான். மூச்சு வாங்கியது. தன் ஆட்களைக் கூப்பிட்டான், ஒருவரும் பதில் சொல்லவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டான்.

"கேட்டுக்கொண்டிருக்கிற அண்ணை, உங்களோடதான் கதைக்கிறன். எங்கட ஆக்கள் ஒருத்தரும் லைனில இல்லை. நீங்கள் இருப்பீங்கள் எண்டு தெரியும். தமிழ் விளங்கிற ஆள்தானே. அம்மாட்ட ஒண்டு சொல்லோணும்."

அம்மாவின் பெயரைச் சொன்னான். ஊரைச் சொன்னான். அரிசி மில்லுக்குப் பின்னால் மூன்றாவது வீடு என்றான். மூக்கை உறிஞ்சினான். "குஞ்சன் சொன்னவன் எண்டு சொல்லுங்கோ, அவவுக்கு விளங்கும். நான் வெளிக்கிட்ட நாளில இருந்து அவ கதவுக்குக் கொண்டி போடுறேல்லையாம். நான் இனி வரமாட்டன். உள்ளுக்குக் கொண்டியைப் போட்டுட்டுப் படுக்கச் சொல்லுங்கோ. சொல்லுவியளோ அண்ணை?"

நான் பதில் சொல்ல முடியாது. எங்கள் கொட்டிலில் கேட்கிற பெட்டி மட்டும்தான், பேசுகிற பெட்டி இல்லை. "சொல்லுவியளோ?" என்று இன்னொரு முறை கேட்டான். அதற்குப் பிறகு இரைச்சல்தான்.

பெரியவர் உள்ளே வந்து, என்ன சொல்கிறான் என்று சிங்களத்தில் கேட்டார். "ஒன்றுமில்லை சேர், சும்மா பேச்சு," என்றேன். 1.40 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டேன்.

அவ்வளவுதான். யுத்தம் முடிந்தது, பென்ஷன் வந்தது, கடை போட்டேன், மகளைக் கட்டிக் கொடுத்தேன். போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எத்தனை பஸ் ஓடுகிறது! போய் என்ன சொல்ல? உங்கள் மகன் கடைசியாக இப்படிச் சொன்னான் என்றால், நீ யார், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள்தானே. அவன் நின்ற இடத்தை எழுதிக் கொடுத்தவன் என்று எந்த வாயால் சொல்வேன்? பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்த வாய் எனக்கு வரவில்லை. அந்தக் காலத்தில் எத்தனையோ தாய்மார் பிள்ளைகளின் போட்டோவைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருப்பதை டீவியில் காட்டுவார்கள். நான் எழும்பிப் போய் சேனலை மாற்றுவேன்.

ஸ்டெல்லா டீச்சர் கடைக்கு வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். நாவலப்பிட்டியில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்று, தங்கச்சி வீட்டோடு இங்கே வந்தவர். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். எழுதுகிறவர். தான் எழுதிய தாள்களைக் கொப்பி எடுக்கத் தருவார். நான் தாளை மெஷினில் வைக்கும்போது வாசித்துவிடுவேன், பழக்கதோஷம். யுத்தத்தில் இருந்தவர்களின் கதைகள் அவை. ஒரு நாள் ஒரு தாளில் வயர்லெஸ் பற்றி ஒரு வரி பிழையாக இருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "இது இப்படி இல்ல டீச்சர்," என்றேன். அன்றைக்குப் பிடித்தவர் விடவே இல்லை. முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி என்னை நானா என்பார்.

"நானா, ஆமில இருந்தவங்க, இயக்கத்துல இருந்தவங்க, எல்லார்கிட்டயும் கேட்டு எழுதுறேன். பேர் போட மாட்டேன். நீங்களும் சொல்லுங்களேன்."

"நான் கிளார்க் டீச்சர். பேனயும் பேப்பரும்தான் என்ட துவக்கு."

"அந்தப் பேப்பர்ல என்னா எழுதுனீங்க?"

கேள்வியைப் பாருங்கள். நான் மெஷினில் பேப்பர் சிக்கிவிட்டது என்று குனிந்துகொண்டேன். இரண்டு வருஷமாக அவர் கேட்பதும் எனக்குப் பேப்பர் சிக்குவதுமாகவே போனது.

ரிப்போர்ட் வந்த அன்றைக்கு நானே அவருக்கு கோல் எடுத்தேன். "டீச்சர், வாங்க. கடயில ஒரு சாமான் முடியப் போகுது. முடிய முந்தி எடுத்துக்கோங்க." ஒபரேஷனுக்கு இரண்டு கிழமை இருந்தது.

மூன்று நாள் வந்தார். ஸித்தி பிஸ்கட்டும் பிளேன்டீயும் வைப்பாள், டீச்சர் போனை பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் ரெக்கோர்டில் வைப்பார். நான் கிசுகிசுத்த குரலில் பேசினேன். என்ன பேசினேன் தெரியுமா? ட்ரெயினிங்கில் பாணும் சம்பலும் தின்றது. பெரியவரின் குறட்டைக்கு நாங்கள் நம்பர் போட்டது. மழைக்குக் கொட்டிலுக்குள் பாம்பு வந்து ஹெட்போனைப் போட்டுவிட்டு ஓடியது. ஸித்தி குசினி வாசலில் நின்று சிரித்தாள். இத்தனை வருஷத்தில் நான் இதெல்லாம் அவளுக்குச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் டீச்சர் போனை அணைத்துவிட்டுச் சொன்னார், "நானா, சிரிக்கிற கதையெல்லாம் சொல்லி முடிச்சிட்டீங்க."

"மிச்சம் ஒன்னு ஈக்கி. வியாழக்கிழம வாங்க."

"இப்பவே சொல்லலாமே? நான் இருக்கேன்."

"ஸித்தி ஈக்கிறா," என்று வாயசைத்தேன். அவர் குசினிப் பக்கம் பார்த்துவிட்டு எழும்பினார்.

புதன்கிழமை பகல் கடையிலேயே மூச்சு இறுகியது. உள்ளே இழுக்கும்போது விசில் சத்தம். மருமகன் திரீவீலைக் கொண்டு வந்தான், ஸித்தியை ஏற்றிக்கொண்டு போனோம். எனக்கு அந்தக் கட்டி மூச்சுக்குழாயை அடைக்கிறது என்று விளங்கியது. குரல் இன்னும் கொஞ்சம் இருந்தது. அடிப்பானையில் ஒட்டிய கஞ்சி அளவு. சொல்லிவிடுவோம், இவளிடமாவது சொல்லிவிடுவோம் என்று அவள் கையைப் பிடித்தேன்.

"கொண்டி… கதவுக்கு… கொண்டி போட…"

"அல்லாஹ்வே, கதவெல்லாம் பூட்டித்தான் வந்தீக்கி. நீங்க பேசாதீங்க. மூச்ச எடுங்க."

அதுதான் நான் என் சொந்தக் குரலில் பேசிய கடைசிப் பேச்சு.

ஆஸ்பத்திரியில் ஓட்டமாக உள்ளே கொண்டுபோனார்கள். கழுத்தில் மரக்க ஊசி போட்டு, முழிப்பில் வைத்தே துளை போட்டு ஒரு குழாயைச் சொருகினார்கள். காற்று உள்ளே போனது. அந்த முதல் மூச்சின் ருசியை நான் மறக்க மாட்டேன், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் காற்று இப்போது நாடாக்களுக்குக் கீழேயே வந்து கீழேயே போகிறது. நாடாவில் காற்றுப் படாவிட்டால் சத்தம் இல்லை. வாயைத் திறந்து "ஸித்தி" என்றேன். ஒன்றும் இல்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை என்பது இதுதான். ஐந்து நாள் கழித்துப் பெரிய ஒபரேஷன், எட்டு மணித்தியாலம். பெட்டியை எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிந்திய நாட்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை, ஆனால் இனிப் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய், அதன் வழியாகத்தான் கஞ்சி. கழுத்துத் துளையில் சளி கட்டும், நர்ஸ் வந்து மெல்லிய குழாய் விட்டு இழுப்பார், அந்த ஒரு நிமிஷம் தண்ணீருக்குள் முக்குகிற மாதிரி இருக்கும். பிறகு சுகம். இருமினால் கழுத்தால் இருமுவீர்கள். மணம் தெரியாது. ஸித்தி கொண்டுவந்த சோப்பை முகர்ந்து பார்த்தேன், கல்லு. அழுதால் சத்தம் வராது, அதனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அது ஒரு வசதி என்று நினைத்தேன். இரண்டாம் நாளே வசதி இல்லை என்று விளங்கிவிட்டது.

ஸித்தி எனக்கு ஒரு கொப்பி வாங்கித் தந்தாள், ஒற்றை ரூல் போட்ட பள்ளிக்கூடக் கொப்பி. பேனையை நூலில் கட்டிக் கட்டில் கம்பியில் தொங்கவிட்டாள், விழுந்தால் நான் கூப்பிட முடியாதே. மகள் வரும்போது கையில் எண்ணெய் தேய்த்து விடுவாள், ஊசி குத்திக் குத்தி நரம்பெல்லாம் கல்லாகியிருந்தது. மருமகன் பேசத் தெரியாதவன். தினமும் வந்து என் செருப்பைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். நான் எங்கேயும் நடக்காத செருப்பு. தினமும் கழுவுவான்.

கட்டில் காலடியில் ஒரு தாள் தொங்கும். எத்தனை மணிக்கு என்ன உள்ளே போனது, என்ன வெளியே வந்தது என்று நர்ஸ் அதில் எழுதுவார். இடப்பக்கம் நேரம். வலப்பக்கத்தில் ஒரு பத்திக்கு மேலே "வாயால்" என்று சிங்களத்தில் இருந்தது. வாயால் எனக்கு ஒன்றும் இல்லை. அதனால் ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே ஒரு சிறு கோடு போட்டிருந்தார். எட்டு மணி, கோடு. பத்து மணி, கோடு. பன்னிரண்டு, கோடு. நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். நர்ஸ் மேல் பிழை இல்லை, அந்தப் பிள்ளை தன் வேலையைச் செய்கிறது. நானும் அப்படித்தான் செய்தேன், சட்டப்படி. கட்டிலருகே என் நெஞ்சுத் துடிப்பைப் பார்க்கிற மெஷின் கத்தியது, நர்ஸ் ஓடி வந்தார்.

அன்றைக்குப் பின்னேரம் கொப்பியின் நடுப்பக்கத்தைத் திறந்து ஒரு நேர்கோடு கீறிப் பத்தி பிரித்தேன். இடப்பக்கம் 1.40 என்று எழுதினேன். வலப்பக்கம் அவன் சொன்னது முழுவதையும் எழுதினேன். மூக்கை உறிஞ்சியதையும் எழுதினேன். மேலே, முற்பகலில் மதகடி என்று நான் எழுதிக் கொடுத்ததையும் எழுதினேன். மூன்று நாள் பிடித்தது.

முதலில் வாசித்தது ஸித்தி. ஸ்டூலில் உட்கார்ந்து, விரலை வைத்து வரி வரியாக வாசித்தாள். கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். முப்பது வருஷம் கூட இருந்த புருஷனைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. எனக்கு அது விளங்கியது.

கடைசியில் கேட்டாள், "ஏன் எனக்கிட்ட செல்லல்ல?"

கொப்பியை வாங்கி எழுதினேன். "சொன்னேன். திரீவீலில்."

அதை வாசித்துவிட்டுத்தான் அவள் அழுதாள். என்னால் "அழாதே" என்று சொல்ல முடியவில்லை, எழுதிக் காட்டவும் வெட்கமாக இருந்தது. காலை நீட்டி அவள் முழங்காலைத் தொட்டேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பினாள்.

"அந்த உம்மா ஹயாத்தோட ஈக்கிறாவா? டீச்சருக்கு நான் பேசிய. தேடச் செல்லிய," என்றாள். டீச்சரைக் கூப்பிட்டுத் தேடச் சொல்லப் போகிறாளாம்.

டீச்சர் வந்து நின்றபடியே வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார். "இது புத்தகத்துக்கு இல்ல நானா," என்றார். "இத மொதல்ல அந்த அம்மாகிட்டதான் குடுக்கணும்." குரலைத் தாழ்த்தி, "மதகடி வெசயத்தயும் வாசிக்கணுமா? அத விட்டுட்டும் சொல்லலாம்," என்றார்.

"முழுக்க" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

வீட்டுக்கு வந்து, பிறகு கண்டியில் ஆறு கிழமை கதிர் பிடித்தார்கள். வெட்டிய இடத்தில் மிச்சம் மீதி இருந்தால் அதைக் கதிரால் சுடுவது. கழுத்துத் தோல் கருகி உரிந்தது. கிளினிக்கில்தான் இந்தக் குரல் கருவியை வைத்துப் பழக்கினார்கள். முதலில் "ஒன்று, இரண்டு." பிறகு பெயர். நான் வீட்டில் தனியாக அறைக்குள் போய் ஒரே ஒரு பேச்சைத்தான் பழகினேன். எது என்று ஸித்திக்குத் தெரியும். கதவுக்கு வெளியே நின்று கேட்பாள், உள்ளே வர மாட்டாள்.

டீச்சரின் வேதக்கோயில் சாமியாருக்கு வடக்கில் ஒரு சாமியாரைத் தெரியும், அவருக்கு அந்த ஊர்ப் பக்கத்தில் ஒருவரைத் தெரியும். அப்படிப் போய்த்தான் தேடினார்கள். மில் இல்லை, இடிந்துவிட்டது. ஆனால் மில்லுக்குப் பின்னால் மூன்றாவது காணியில் அந்தப் பெயரில் ஒரு அம்மா இருந்தார். டீச்சர் கொப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வீடியோ கோல் வந்தது. ஸித்தி போனைத் தலையணையில் சாய்த்து வைத்து, என் துளையை மூடிய துணியைச் சரிசெய்தாள். திரையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் ஒல்லியான ஒரு அம்மா. மடியில் என் கொப்பி. பின்னால் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

"டீச்சர் வாசிச்சவா. முழுக்கக் கேட்டன்," என்றார். "நீங்கள்தானோ அந்த ஆள்?"

கருவியைக் கழுத்தில் வைத்தேன். "ஓம்."

"நீங்கள் எழுதிக் குடுத்துத்தானோ அங்க ஷெல் விழுந்தது?"

"ஓம்."

அந்த அம்மா கொப்பியின் அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஏசுவார், போனை வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். டீச்சரின் கை வந்து அவர் தோளில் இருந்தது.

"அவன் சொன்னதை நீங்கள் சொல்லுங்கோ," என்றார். "அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ."

பொத்தானை அமுக்கினேன். இந்தக் கருவிக்கு ஏற்றமும் தெரியாது, இறக்கமும் தெரியாது. எல்லாச் சொல்லும் ஒரே இரைச்சல். குஞ்சன் சொன்னவன் எண்டு சொல்லுங்கோ. நான் இனி வரமாட்டன். உள்ளுக்குக் கொண்டியைப் போட்டுட்டுப் படுக்கச் சொல்லுங்கோ. ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுவில் அவன் மூக்கை உறிஞ்சிய இடத்தில் நான் நிறுத்தினேன். என் மூக்கில் இப்போது காற்று இல்லை.

அந்த அம்மா போனைக் காதோடு வைத்துக்கொண்டார். திரையில் அவர் நரைமுடி மட்டும் தெரிந்தது.

"வயர்லெஸ்ஸில கதைக்கிற மாதிரிக் கிடக்கு," என்றார். "இப்பிடித்தானோ உங்களுக்கும் கேட்டது?"

"ஓம் அம்மா. இப்படித்தான்."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

சொன்னேன். மூன்றாம் முறையும் கேட்டார், சொன்னேன். ஸித்தி என் முதுகில் கையை வைத்திருந்தாள். பிறகு அந்த அம்மா போனை முகத்துக்கு நேரே பிடித்து, திரும்பித் தன் கதவைப் பார்த்தார்.

"இது வீட்டுத்திட்டத்தில கட்டின வீடு தம்பி. கதவு போடேக்க ஆசாரி கொண்டியும் கொண்டு வந்தவன். உள்ளுக்கு வேண்டாம் எண்டு நான்தான் திருப்பி அனுப்பினனான்." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "நாளைக்கு அவனை வரச் சொல்லோணும்."